காதில் வடிவது கெட்ட நீரா?

(கிராமத்து வாசகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர்கள், துண்டு விளம்பரத்தில் என் பெயருக்குக் கீழே "காது" என்று ஒரே ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்திருப்பவர்களில் சிலர், நான் காதுகுத்துக் கலியாணத்தைப் பற்றிப் பேசப் போவதாக நினைத்திருக்கலாம். அதைப் பற்றியும் பேச வேண்டியது உண்டு. அது இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். இன்று நான் பேச வந்தது காதுக்கு வெளியே தொங்குவதைப் பற்றியல்ல, காதுக்கு உள்ளேயிருந்து வடிவதைப் பற்றி.

முன்னதாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியன் அல்ல. எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனவனும் அல்ல. பிறகு படித்ததெல்லாம் இதுபோன்ற வாசகசாலைகளில் உட்கார்ந்தும், பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டும், தெரிந்தவர்களைத் தொந்தரவு செய்து கேட்டும் படித்ததுதான். ஆகையால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. கேட்டு, யோசித்து, சந்தேகமிருந்தால் காதைப் பார்க்கும் வைத்தியரிடம் போய் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது ஓர் அடைமழைக் காலத்தில் சளி பிடித்தது. இரண்டு இரவு இடது காதைப் பிடித்துக்கொண்டு அழுதேனாம். மூன்றாம் நாள் காலையில் தலையணை நனைந்திருந்தது; வலியும் நின்றுவிட்டது. வலி நின்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "கெட்ட நீர் உடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டது, இனிப் பயமில்லை" என்றாள் என் பாட்டி. பாட்டியின் மேல் எனக்கு வருத்தமில்லை; அவளுக்கு அவள் பாட்டி சொன்னது அது. ஆனால் அந்தக் கெட்ட நீர் அன்றைக்குப் போய்த் தீரவில்லை. நின்று நின்று பதினான்கு வருஷ காலம் போய்க்கொண்டே இருந்தது. ஒருவன் உடம்பிலிருந்து பதினான்கு வருஷம் வடிந்தும் தீராத கெட்ட நீர் இருக்குமானால், அவன் மனிதனா, ஊருணியா என்று யாரும் கேட்கவில்லை.

பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விட்டார்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவளிடம் தாய்ப்பால் வாங்கி வந்து விட்டார்கள். சந்தைக்கு வந்த ஒருவர் காதில் குழலை வைத்து உறிஞ்சி, "இதோ பார் புழு" என்று எதையோ காட்டி ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். கடைசியில் வேண்டுதல். வெள்ளித் தகட்டில் ஒரு காது செய்து உண்டியலில் போட்டார்கள். அந்த வெள்ளிக் காது யாருக்கு எதைக் கேட்கச் செய்ததோ நான் அறியேன். என் காது வடிந்துகொண்டேதான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் நாற்றம் அடிக்கிறதென்று கடைசிப் பலகைக்கு அனுப்பினார்கள். முன் பலகையிலேயே பாதிதான் கேட்கும். கடைசிப் பலகையில் என்ன கேட்கும்? எட்டாம் வகுப்போடு நின்றபோது, "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்றார்கள். ஏறாதது படிப்பல்ல, தோழர்களே. வாத்தியார் பேச்சு காதில் ஏறவில்லை. இருபது வயதில்தான் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் விளக்கு வைத்துப் பார்த்து, செவிப்பறையில் பெரிய ஓட்டை என்று கண்டுபிடித்தார்கள். காதுக்கு மேலேயிருந்து மெல்லிய சவ்வுத் துண்டு ஒன்றை எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். சீழ் நின்றது. கேள்வி பாதி வந்தது, பாதி வரவில்லை. இன்றைக்கும் இடது பக்கம் நின்று கூப்பிடுகிறவர்களுக்கு நான் திரும்புவதில்லை. கர்வம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நிற்க. நான் இயக்கத்துக்கு வந்து மேடையேற ஆரம்பித்த பிறகு, இந்தக் கதையை ஊர் ஊராய்ச் சொல்லுவேன். சொல்லிவிட்டு, "காது வடிவதற்குக் காரணம் கர்மமல்ல, கிருமி, கிருமியைக் கொன்றால் காரியம் முடிந்தது" என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். ஒருநாள் ஒரு கிராமத்தில் கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மாள் பத்து வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "அண்ணே, கிருமியைக் கொல்ல மூன்று தடவை மருந்து வாங்கி விட்டாயிற்று. பத்து நாள் நிற்கிறது, மறுபடி வடிகிறது. செத்த கிருமி எப்படித் திரும்பி வரும்? என் வீட்டில் நாலு பிள்ளைகள் ஒரே கிணற்றில் குளிக்கிறார்கள், ஒரே பாயில் படுக்கிறார்கள். இவனுக்கு மாத்திரம் ஏன் இப்படி? அவன் தலையெழுத்து என்று இவன் அப்பா சொல்லுகிறார். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டார்.

தோழர்களே, என்னிடம் பதில் இல்லை. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். ஆனால் இரவு தூக்கம் வரவில்லை. நம்மிடம் பதில் இல்லாத இடத்தில்தானே தலையெழுத்து வந்து சம்மணம் போட்டு உட்காருகிறது? எதிரியின் பேச்சில் ஓட்டை இருக்கிறதென்று ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்த நான், என் பேச்சில் இருந்த ஓட்டையை அந்த அம்மாள் காட்டும்வரை பார்க்கவில்லை. அன்று தொடங்கித் தேடித் தேடிப் படித்ததைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

காதுத் துவாரத்தின் கடைசியில் செவிப்பறை இருக்கிறது. குறுக்களவு சுமார் ஒரு சென்டிமீட்டர். கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குப் பின்னால் காற்று நிறைந்த சின்ன அறை ஒன்று. அதுதான் நடுச்செவி. அந்த அறையில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கவடி எலும்பு உடம்பிலுள்ள எலும்புகளிலெல்லாம் சிறியது. மூன்று மில்லிமீட்டர் உயரம். பறையின் அதிர்ச்சியை இவை உள்செவிக்குக் கொண்டு போகின்றன. இந்த அறைக்கு மூக்கின் பின்புறத்திலிருந்து ஒரு குழாய்வழி உண்டு. அதற்கு யூஸ்டேஷியன் குழாய் என்று பெயர். பெரியவர்களுக்கு அது சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளமாய்ச் சரிந்திருக்கும். கைக்குழந்தைக்கு அதில் பாதி நீளம்தான், அதுவும் படுக்கை வாட்டத்தில் இருக்கும். மூக்குச் சளியிலுள்ள கிருமி காதுக்குள் ஏறுவது இந்த வழியாகத்தான். "குளத்துத் தண்ணீர் காதுக்குள் போய்ச் சீழ் பிடித்தது" என்று சொல்லுகிறோமே, பறை ஓட்டையில்லாமல் இருக்கும்வரை தண்ணீர் அந்த அறைக்குள் போகவே முடியாது. முதலில் உள்ளேயிருந்து சளி, அதனால் ஓட்டை, ஓட்டை விழுந்த பிறகுதான் வெளித் தண்ணீரும் அதிலுள்ள கிருமிகளும்.

கிருமி ஏறிவிட்டது. இனி நடப்பதுதான் கவனிக்க வேண்டிய சங்கதி. நம் ஊரில் இரவில் வைக்கோற்போர் தீப்பிடித்தால் என்ன செய்கிறோம்? முதலில் பார்த்தவன் தமுக்கடிக்கிறான். ஊர் கூடுகிறது. வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறார்கள், தண்ணீரைக் கொட்டுகிறார்கள், நாலு செடி கொடி மிதிபடுகிறது. தீ அணைந்ததும் தமுக்கை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். உடம்பிலும் இதேதான். நடுச்செவியின் உள்தோலிலுள்ள அணுக்களின்மேல் டோல் ஏற்பிகள் என்று காவல்காரர்கள் இருக்கிறார்கள். கிருமியின் மேலுறையில் உள்ள ஒருவகைப் பொருள் பட்டால் நாலாம் எண் ஏற்பி அறிந்துகொள்கிறது. வேறு வகைத் துணுக்குகளை இரண்டாம் எண் அறிகிறது. கிருமியின் மரபுப் பொருளை ஒன்பதாம் எண் அறிகிறது. அறிந்த செய்தியை மைடி-88 என்னும் தூதன் உள்ளே கொண்டு போகிறான். அது கைமாறிக் கைமாறி அணுவின் நடுக்கருவுக்குப் போய்ச் சேர்ந்ததும், டி.என்.எஃப்., இன்டர்லூகின் என்னும் சமிக்ஞைப் பொருள்கள் உண்டாகி வெளியே பாய்கின்றன. இவைதான் தமுக்கொலி. இதைக் கேட்டு ரத்தக் குழாய்கள் நெகிழ்ந்து கொடுக்கின்றன. வெள்ளை அணுக்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. வீக்கம், சூடு, வலி, நீர்க்கசிவு எல்லாம் வருகின்றன. வந்த அணுக்கள் கிருமியை விழுங்கிக் கொன்று தாங்களும் சாகின்றன.

ஆகவே சீழ் என்பது என்ன? உடம்பில் எங்கோ தேங்கியிருந்த கெட்ட நீரல்ல. செத்த கிருமி, சாகாத கிருமி, இவற்றோடு சண்டையிட்டு மாண்ட நம்முடைய சொந்த அணுக்களின் பிணங்கள், இவ்வளவும் சேர்ந்ததுதான் சீழ். அது வடிகிறதென்றால் உள்ளே சண்டை முடிந்துவிட்டதென்று அர்த்தமல்ல, நடந்துகொண்டிருக்கிறதென்று அர்த்தம். போர்க்களத்திலிருந்து வண்டி வண்டியாய்ப் பிணம் வருவதைப் பார்த்து, "அப்பாடா, சமாதானம் வந்துவிட்டது" என்று யாராவது சொல்லுவார்களா?

இந்தக் காவல்காரர்களைக் கண்டுபிடித்த கதை ரசமானது. டோல் என்றால் ஜெர்மன் பாஷையில் "பிரமாதம்" என்று பொருள். பழத்தில் மொய்க்கும் சின்ன ஈ ஒன்றின் உடல் அமைப்பை ஆராய்ந்தபோது வைத்த பெயர் அது. 1996-இல் பிரான்சு தேசத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஜூல் ஹாஃப்மன் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும், இந்த டோல் கெட்டுப்போன ஈக்களைப் பூஞ்சணம் மூடிக் கொன்றுவிடுவதைக் கண்டார்கள். அமெரிக்காவில் டல்லஸ் நகரில் புரூஸ் பாய்ட்லர் என்பவரிடம் வேறொரு புதிர் இருந்தது. ஒருவகைச் சுண்டெலிக்குக் கிருமியின் மேலுறை நஞ்சைக் கொடுத்தால் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏன் என்று வருஷக்கணக்காய்த் தேடி, அந்த எலிக்கு நாலாம் எண் டோல் ஏற்பி கெட்டிருப்பதை 1998-இல் வெளியிட்டார். இருவருக்கும் 2011-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஈயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை வேலையற்றவர்கள் என்றுதான் நம் ஊரில் சொல்லியிருப்போம்.

இப்போது கவனியுங்கள். நஞ்சு கொடுத்தாலும் அசையாத எலி என்றால் வெகு பலசாலி என்றுதானே தோன்றும்? அதே வகை எலிகளின் காதை 2006-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்து ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்தார்கள். யாரும் கிருமியைப் புகுத்தாமல் தாமாகவே அவற்றுக்கு நாட்பட்ட நடுச்செவி அழற்சி வருவதைக் கண்டார்கள். காவல்காரன் ஊமை, ஆகவே திருடனுக்குக் குடித்தனம். சான் டீகோ நகரத்து ஆராய்ச்சிச்சாலையில் இதை இன்னும் துல்லியமாய்ப் பார்த்தார்கள். குழந்தைகளின் காதில் சாதாரணமாய் வரும் ஒரு கிருமியைச் சுண்டெலிகளின் நடுச்செவியில் விட்டார்கள். நல்ல எலிகளுக்குக் கொஞ்ச நாளில் ஆறிப்போயிற்று. மைடி-88 என்னும் தூதன் இல்லாத எலிகளிலோ, வெள்ளை அணுக்கள் தாமதமாய் வந்து சேர்ந்தன. அழற்சி நீண்டுகொண்டே போயிற்று. இது வெளிவந்தது 2008-இல். 2010-இல் அவர்களே டி.என்.எஃப். இல்லாத எலிகளைப் பற்றி எழுதினார்கள். அவற்றின் விழுங்கும் அணுக்கள் கிருமியைச் சரியாய் விழுங்கவுமில்லை, கொல்லவுமில்லை. அதற்கடுத்த சமிக்ஞையான சி.சி.எல்.-3 என்பதை வெளியிலிருந்து கொடுத்தபோது, அந்த அணுக்களுக்குத் தெம்பு திரும்பிக் காது சீக்கிரம் ஆறியது.

அந்த அம்மாளின் இரண்டாவது கேள்விக்கு இதிலே ஒரு பதில் இருக்கிறது. நாலு பிள்ளைகளும் ஒரே கிணற்றில் குளித்தாலும் நாலு பேருடைய காவல் ஏற்பாடும் ஒன்றல்ல. குழாயின் வாட்டமும் ஒன்றல்ல. மூக்கின் பின்னால் வளரும் அடினாய்டு சதையின் பருமனும் ஒன்றல்ல. பிலிப்பைன்ஸ் தேசத்தில் ஒரு பழங்குடிச் சமூகத்தில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் காது நோய். அவர்களிடையே ஏ2எம்எல்1 என்னும் மரபணுவில் உள்ள ஒரு மாறுதல் இந்நோய்க்கு இடங்கொடுக்கிறதென்று 2015-இல் கண்டுபிடித்தார்கள்.

உடனே ஒரு புத்திசாலி எழுந்து, "மரபணு என்கிறாய், அதைத்தானே ஐயா நாங்கள் தலையெழுத்து என்கிறோம்" என்று சொல்லக்கூடும். சொல்லியும் இருக்கிறார்கள். நான் கேட்கிறேன்: தலையெழுத்தை யாராவது பார்த்ததுண்டா? எந்த இடத்தில் எந்த எழுத்துப் பிழை என்று காட்டியதுண்டா? மரபணுவைக் காட்டுகிறார்கள், அதைக் கெடுத்த எலியில் நோய் வருவதையும், விட்டுப்போன சமிக்ஞையைக் கொடுத்தால் ஆறுவதையும் காட்டுகிறார்கள். தலையெழுத்து என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஓட்டுக்கூரையில் ஓர் ஓடு விலகியிருக்கிறதென்று தெரிந்தால் அதை மாற்றலாம், அல்லது அதன் கீழே படுக்காமலாவது இருக்கலாம். இரண்டும் ஒன்றா?

இனி முதல் கேள்வி. மருந்துக்கு நின்றது ஏன் மறுபடி வருகிறது? அதாவது தமுக்கு ஏன் நிற்கவில்லை?

உடம்பில் தமுக்கடிக்க ஆள் இருப்பதுபோல நிறுத்தவும் ஆள் உண்டு. இன்டர்லூகின்களிலேயே பத்தாம் எண்ணுடையது அந்த வேலையைச் செய்கிறது. தீ அணைந்தால் அதன் சொல் செல்லும். தீ அணையாமல் எங்கோ கங்கு கிடந்தால்? காதில் அந்தக் கங்கு கிடக்கிறது. கிருமிகள் தனித்தனியாய் அலைவதோடு, ஒருவிதப் பசையைச் சுரந்து அதற்குள் கூட்டமாய்க் குடியேறிவிடுகின்றன. இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். குளத்துப் படியில் வழுக்குகிறதே, அந்த மாதிரி. வடியாத நீர் காதில் தேங்கியிருந்த, அல்லது திரும்பத் திரும்ப அழற்சி கண்ட 26 குழந்தைகளின் நடுச்செவித் தோலிலிருந்து அமெரிக்காவில் 50 மாதிரிகளை எடுத்துப் பார்த்ததில் 46-இல் இந்தப் படலம் இருந்ததாக 2006-இல் எழுதினார்கள். படலத்துக்குள் மருந்தும் சரியாய்ப் போவதில்லை. வெள்ளை அணுவும் போவதில்லை. மேலே மிதந்த கிருமி மருந்தில் செத்தது, வடிவது நின்றது, நாம் பாட்டிலைத் தூக்கிப் பரணில் போட்டோம். உள்ளிருந்த கிருமி மெதுவாய் வெளியே வந்தது. செத்தது திரும்பி வரவில்லை, அம்மா. சாகாதது வந்தது.

இன்னொன்றும் உண்டு. வீங்கிய தோலும் தேங்கிய நீரும் சேர்ந்தால் அந்த அறையில் பிராணவாயு குறைந்து போகிறது. குறைந்தால் அதற்கென்று ஒரு தனிச் சமிக்ஞை கிளம்பி, "புது ரத்தக் குழாய்கள் வேண்டும்" என்கிறது. புதிதாய் வரும் குழாய்கள் ஒழுகும் குழாய்கள். அவற்றால் இன்னும் நீர், இன்னும் வீக்கம், இன்னும் பிராணவாயுக் குறைவு. இங்கிலாந்தில் ஹார்வெல் என்னுமிடத்தில், பிறவியிலேயே காது அழற்சிக்கு ஆளாகும் ஜெஃப், ஜன்போ என்ற இரண்டு எலி வகைகளை வைத்து 2011-இல் இதைக் காட்டினார்கள். அந்தக் குழாய்ச் சமிக்ஞையைத் தடுத்தபோது ஜன்போ எலிகளில் காது கேளாமை குறைந்தது. ஆக, தொடங்கிவைத்தது கிருமியானாலும் தொடர்ந்து நடத்துவது பாதி நம் உடம்பே. "கிருமியைக் கொன்றால் முடிந்தது" என்று நான் மேடை மேடையாய்ச் சொன்னது அரை உண்மை. கர்மம் என்று சொன்னவரைவிட நான் கொஞ்சம் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

இந்த நிற்காத தமுக்கினால் என்ன நஷ்டம்? டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1 போன்ற சமிக்ஞைகளுக்கு எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தட்டியெழுப்பும் குணமும் உண்டு. வருஷக்கணக்கில் அவை ஊறிக்கொண்டிருந்தால் சின்ன எலும்புகள் கரைகின்றன. முதலில் போவது பெரும்பாலும் பட்டடை எலும்பின் நீண்ட முனை. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் பறை அதிர்ந்தும் பயனில்லை. அதோடும் நிற்பதில்லை. உள்செவிக்கும் நடுச்செவிக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வுச் சன்னல் இருக்கிறது. அழற்சிப் பொருள்கள் அதன் வழியே கசிந்து, ஒலியை உணரும் மயிரணுக்களைக் கெடுக்கின்றன. எலிகளின் காதில் நாட்பட்ட சீழ் உண்டாக்கிப் பார்த்தபோது, உள்செவியில் விழுங்கும் அணுக்கள் கூடுவதையும் மயிரணுக்கள் அழிவதையும் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையார் 2022-இல் எழுதியிருக்கிறார்கள். மயிரணு போனால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. பறையை ஒட்டலாம், எலும்புக்குப் பதில் எலும்பு வைக்கலாம், போன மயிரணுவுக்கு ஒட்டு இல்லை. என் இடது காதில் வராமற்போன பாதி அதுதான்.

உலகத்தில் ஆறரைக் கோடி முதல் முப்பத்து மூன்று கோடி வரை ஜனங்களுக்குக் காது வடிகிறதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2004-இல் கணக்கிட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேள்வி குறைவு. அந்தக் கணக்கில் நம் தேசம் அதிகம் பாதிக்கப்பட்ட தேசங்களோடு சேர்ந்திருக்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் காது வலித்தால் மூன்றாம் நாள் வைத்தியரிடம் போகிறான். ஓட்டைக் குடிசையில், அடுப்புப் புகையில், ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டுப் பிள்ளைக்குத்தான் மூன்று நாள் பதினான்கு வருஷமாகிறது. இதில் எந்த ஜன்மத்துப் பாவம் இருக்கிறது?

சரி, தமுக்கொலிதான் கெடுதல் என்றால் அதை ஒரேயடியாய் அமுக்கிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். சமிக்ஞையே இல்லாத எலிகளின் கதியை முன்னே சொன்னேன், அதை மறக்கக்கூடாது. மனிதரிலும் பார்த்திருக்கிறார்கள். பறையில் ஓட்டையில்லாமல் உள்ளே பசைநீர் தேங்கிக் காது மந்தமான 389 குழந்தைகளைப் பிரிட்டனில் இரண்டாய்ப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அழற்சியை அமுக்கும் ஸ்டிராய்டு மருந்தும் மற்றதற்கு அதே ருசியுள்ள வெறும் மருந்தும் ஒரு வாரம் கொடுத்தார்கள். ஐந்து வாரம் கழித்து நன்றாய்க் கேட்டவர்கள், மருந்து குடித்தவர்களில் நூற்றுக்கு 40. குடிக்காதவர்களில் நூற்றுக்கு 33. 2018-இல் வெளிவந்த கணக்கு இது. வித்தியாசம் அற்பம், குடிக்காத பிள்ளைகளிலேயே மூன்றில் ஒருவருக்குத் தானாகச் சரியாயிற்று. இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், கடைக்காரரிடம் "வீக்க மாத்திரை" என்று கேட்டு வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. எந்தச் சமிக்ஞையை எப்போது எவ்வளவு குறைப்பது என்பதை ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் எலிகளில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகையால் இன்றைக்கு நம் கைக்கு எட்டியிருப்பது கங்கை அணைப்பதும், மறுபடி தீ வராமல் பார்ப்பதும்தான். காது வடிந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டி ஓட்டை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். சுத்தமான பஞ்சுத் துணியைத் திரியாய் முறுக்கி, மெதுவாய் வைத்து, நனைந்ததும் எடுத்துவிட்டு வேறு திரி வைத்துக் காது உலரும்வரை துடைக்க வேண்டும். தினம் மூன்று நாலு தடவை. கோழியிறகும் தீக்குச்சியும் அதற்கல்ல. உலர்ந்த பிறகு வைத்தியர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து. ஈரச் சீழின்மேல் விட்ட மருந்து சீழோடு வெளியே வந்துவிடும். ஓட்டைக் காதில் ஜெண்டாமைசின், நியோமைசின் வகைச் சொட்டு மருந்துகள் உள்செவியைக் கெடுக்கக்கூடும். ஆகவே அடுத்த வீட்டுக்காரர் மிச்சம் வைத்த பாட்டில் வேண்டாம். குளிக்கும்போது பஞ்சில் வாஸ்லின் தடவிக் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். வடிவது நின்றாலும் ஓட்டை மூடிவிட்டதா என்று மறுபடி காட்ட வேண்டும். மூடாவிட்டால் அறுவை செய்து ஒட்டலாம். காதுக்குப் பின்னால் வீக்கம், தாங்க முடியாத தலைவலி, காய்ச்சல், தலைசுற்றல், முகம் ஒருபக்கம் கோணுதல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீழ் மூளைவரை போய் உயிரை வாங்கியதுண்டு.

குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசியை 2017-இல் நம் தேசத்துச் சில மாகாணங்களில் இலவசமாய்ப் போடத் தொடங்கி, 2021-இல் தேசம் முழுவதற்கும் கொண்டு வந்தார்கள். ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம். அது எல்லாக் காது நோயையும் தடுக்காது, சிலவற்றைத் தடுக்கும். தாய்மார்கள் பாட்டில் பாலைக் குழந்தையை மல்லாக்கப் போட்டுக் கொடுக்க வேண்டாம். தகப்பன்மார்கள் பீடியை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலும் வேண்டாம் என்றால் இன்னும் நல்லது.

அந்த அம்மாளுக்குப் பதில் சொல்ல நான் ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி அந்தக் கிராமத்துக்குப் போனேன். பையன் பள்ளிக்கூடத்தை விட்டு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பட்டடை எலும்பின் முனை கரைந்திருந்தது. ஓட்டையை ஒட்டி, எலும்புச் சங்கிலியையும் சரிசெய்தார்கள். இப்போது வடிவதில்லை; ஓரளவு கேட்கிறது. அவன் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் ஒன்றரை வருஷம் முந்தியே பதில் சொல்லியிருந்தால் போயிருப்பான் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

தலைவர் அவர்கள் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்திருக்கிறார். "என் தாத்தா எண்பது வயதுவரை சனிக்கிழமை தவறாமல் காதில் எண்ணெய் விட்டார், அவருக்குக் காது நன்றாய்க் கேட்டது; இதற்கு என்ன சமாதானம்?" என்று ஒரு தோழர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். உங்கள் தாத்தாவின் பறையில் ஓட்டை இல்லை, தோழரே. எண்ணெய் வெளியிலேயே நின்றுவிட்டது. காது கேட்டது எண்ணெயாலல்ல. ஓட்டையுள்ள காதில் அதே எண்ணெய் உள்ளே போய்த் தேங்கும், எண்ணெயோடு கிருமியும் போகும். உங்கள் வீட்டில் யாருக்காவது காது வடிந்தால், தாத்தாவின் எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பதற்கு முன்பு விளக்கு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வாசகசாலைக்குப் பின்புறமுள்ள சுகாதார நிலையத்திலேயே அதற்கு விளக்கு இருக்கிறது. சாயங்காலம் வரும்போது நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.